வில்லில் சைட் மாட்டியாச்சு, அப்புறம்?

குறி பார்க்க வில்லில் பொருத்துகிற சைட்டை வாங்கி மாட்டிய அன்று எல்லோரும் செய்கிற காரியம் ஒன்று உண்டு. முதல் அம்பு இடப்பக்கம் போகும், உடனே திருகுவார்கள். அடுத்தது மேலே ஏறும், மறுபடி திருகுவார்கள். முப்பது அம்பு முடிவதற்குள் சைட் ஒரு பக்கம், அம்பு ஒரு பக்கம், கையில் திருகுகிற ஆலன் கீ மட்டும் மிச்சம். காரைக்குடியை அடுத்த கோட்டையூர்ப் பக்கம் ஒரு செம்மண் பொட்டலில் ஒரு மாதக் காலைகளை நான் இப்படித்தான் கழித்தேன். அந்த ஒரு மாதத்தை நீங்கள் மிச்சப்படுத்திக்கொள்ளலாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

சைட் குறி பார்க்கிற கருவி என்று நினைக்கிறோம். உண்மையில் அது ஒரு கணக்குப் புத்தகம். நீங்கள் ஒரே அளவுக்கு நாணை இழுத்து, தாடையில் ஒரே இடத்தில் கையை நிறுத்தி, ஒரே மாதிரி விட்டால் அம்பு எங்கே போய் நிற்கிறது என்பதைப் பதிந்து வைத்துக்கொள்ளும். இழுப்பு தினம் ஒரு விதமாக இருந்தால் பதிவும் பொய்யாகத்தான் இருக்கும். பேரேடு எழுதியே வளர்ந்த செட்டிநாட்டு ஊர் இது. வரவு சரியில்லாமல் ஐந்தொகை எப்படிச் சரியாகும் என்று இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

நிலைவாசல் பாடம்

பழைய செட்டிநாட்டு வீடு ஒன்றின் திண்ணையில் ஏறி, தலைவாசலின் நடுவில் நின்று உள்ளே பாருங்கள். முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி எல்லாம் தாண்டி, பின்வாசல் வழியாக அடுத்த தெருவின் வெளிச்சம் தெரியும். நிலைகள் எல்லாம் ஒரே நேர்கோட்டில் நிற்பதால்தான் அது தெரிகிறது. அரை அடி பக்கவாட்டில் நகர்ந்தால் போதும், ஏதோ ஒரு நிலை வந்து மறைத்துவிடும்.

சைட்டின் தத்துவம் முழுக்க இதுதான். பின்வாசலில் தெரிகிற வெளிச்சம் இலக்கு. நடுவில் இருக்கிற ஒரு நிலை, சைட்டில் இருக்கிற குறிப்புள்ளி. தலைவாசலில் நிற்பது உங்கள் கண். கண் அந்த இடத்தை விட்டு நகர்ந்தால், நடு நிலையை எவ்வளவு அழகாகச் செய்து வைத்திருந்தாலும் பயனில்லை. அந்தக் கண்ணை ஒரே இடத்தில் நிறுத்தி வைப்பது தாடையில் கை படிகிற இடம். அதை ஆங்கர் என்பார்கள். பல் கடித்திருக்கிறதா, வாய் லேசாகத் திறந்திருக்கிறதா என்பதுகூட அம்பை மேலும் கீழும் ஆக்கும்.

(இந்தப் பாடத்துக்காக வீட்டுக்குள் அம்பு விட்டுப் பார்க்காதீர்கள். தரையின் ஆத்தங்குடிக் கல் உடைந்தால் வேறு கல் வாங்கலாம், ஆள்மேல் பட்டால் என்ன செய்வது?)

எந்தக் கண்?

சைட்டைத் தொடுவதற்கு முன்னால் ஒரு சின்னச் சோதனை. இரண்டு கைகளையும் நீட்டி, விரல்களுக்கு நடுவே சின்ன முக்கோணம் ஒன்று செய்து, அதன் வழியாக இரண்டு கண்களாலும் கோயில் கோபுரத்தின் கலசத்தைப் பாருங்கள். பிறகு ஒவ்வொரு கண்ணாக மூடுங்கள். எந்தக் கண் மட்டும் திறந்திருக்கும்போது கலசம் முக்கோணத்துக்குள் அப்படியே நிற்கிறதோ, அதுதான் உங்கள் மேலாதிக்கக் கண். வலது கையால் நாண் இழுக்கிறவருக்கு அது வலது கண்ணாக இருந்தால் பிரச்சினை இல்லை. இடது கண்ணாக இருந்தால் அம்பு தொடர்ந்து ஒரே பக்கம் வெகுதூரம் விலகிப் போகும், சைட்டைத் திருகித் தீராது. அந்தக் கண்ணை மூடிக்கொள்ளலாம், தொப்பியில் ஒரு மறைப்பு ஒட்டிக்கொள்ளலாம், இப்போதுதான் தொடங்குகிறீர்கள் என்றால் கையையே மாற்றி இடது கையால் இழுக்கப் பழகலாம். பயிற்சியாளரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

என்னென்ன வகை

மூங்கில் வில்லில் நடக்கும் இந்தியன் ரவுண்ட் போட்டியில் சைட் கிடையாது. அம்பு முனையை வைத்தே குறி. சைட் மாட்டாத வில்லுக்கான பேர்போ பிரிவிலும் அப்படியே. அந்த இரண்டில் இருப்பவர்கள் இந்தக் கட்டுரையை மூடிவிட்டுப் பயிற்சிக்குப் போகலாம்.

நுனிகள் முன்பக்கம் வளைந்த ரிகர்வ் வில்லுக்கான சைட் பார்க்க எளிது. ரிசரில் (வில்லின் நடுவில் உள்ள பிடிப் பகுதி) மாட்டுகிற ஒரு கட்டை, அதிலிருந்து இலக்குப் பக்கமாக நீள்கிற ஒரு கை, அதன் நுனியில் செங்குத்தாக அளவுகோல் பொறித்த சட்டம், சட்டத்தில் ஏறி இறங்குகிற ஒரு துண்டு, அந்தத் துண்டில் ஒரு வளையமோ புள்ளியோ. துண்டை ஏற்றி இறக்குவது எலிவேஷன். வளையத்தை இடம் வலம் நகர்த்துவது விண்டேஜ். உலக வில்வித்தை விதிப்படி ரிகர்வில் ஒரே ஒரு குறிப்புள்ளிதான் இருக்கலாம். லென்ஸ் கூடாது, ரசமட்டம் கூடாது, மின்சாரச் சமாசாரம் எதுவும் கூடாது. நாணில் பார்க்கும் துளையான பீப்பும் கூடாது.

நுனிகளில் கப்பிகள் உள்ள காம்பவுண்ட் வில்லில் லென்ஸ், ரசமட்டம், பீப் எல்லாம் உண்டு. நாணில் சின்னத் துளையுள்ள பீப், முன்னால் லென்ஸ் பொருத்திய ஸ்கோப், அதற்கு அடியில் குமிழி ஓடுகிற ரசமட்டம்.

மூன்றாவதாக, ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கிற, பல பின்கள் (குறிமுட்கள்) கொண்ட சைட். பச்சை, சிவப்பு, மஞ்சள் என்று மூன்று அல்லது ஐந்து ஒளியிழைப் பின்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கும். மேலே இருப்பது கிட்ட தூரத்துக்கு, கீழே போகப் போக எட்டத்துக்கு. இது வேட்டைக்காரர்களுக்காகப் பிறந்தது. விலங்கு எத்தனை மீட்டரில் நிற்கும் என்று தெரியாது, திருக நேரமும் இருக்காது. நம் நாட்டில் வனவிலங்கு வேட்டைக்குச் சட்டப்படி தடை இருக்கிறது. இலக்குக்கு எய்கிற நமக்கு தூரம் தெரியும், நேரமும் இருக்கிறது. வண்ணத்தைப் பார்த்து மயங்கி நானும் ஒன்று வாங்கினேன். ரிகர்வ் போட்டிக்குக் கொண்டுபோனபோது, ஒரு பின்னை வைத்துக்கொண்டு மற்றதைக் கழற்றச் சொல்லிவிட்டார்கள். புதியவர்கள் வாங்க வேண்டாம் என்பது என் கட்சி. ஒற்றைப் புள்ளி, உலோகச் சட்டம், தெளிவான அளவுகோல், இது போதும்.

மாட்டுவது

சைட்டை மாட்டி வில்லை ஒரு நாற்காலியில் சாய்த்து நிறுத்துங்கள். பின்னால் இருந்து பார்க்கும்போது நாண் மேல் லிம்பையும் கீழ் லிம்பையும் (வில்லின் வளைகிற இரண்டு கைகள்) சரிபாதியாகப் பிரிக்க வேண்டும். அந்த நிலையில் புள்ளி, நாணுக்கு நேராக, அம்பின் மேலேயே தெரியட்டும். இதுதான் தொடக்க இடம்.

இப்போது துண்டைச் சட்டத்தின் உச்சியிலிருந்து அடி வரை மெதுவாக இறக்குங்கள். புள்ளி நாணை விட்டு எந்தப் பக்கமும் விலகாமல் இறங்க வேண்டும். விலகினால் சட்டம் சாய்வாக நிற்கிறது என்று பொருள். பலர் இதைப் பார்ப்பதே இல்லை. சட்டம் சாய்ந்திருந்தால் 18 மீட்டரில் நடுவில் விழுகிற அம்பு 50 மீட்டரில் இடப்பக்கமோ வலப்பக்கமோ போகும். நாம் காற்றைத் திட்டுவோம், அம்பைத் திட்டுவோம், கடைசியில் நம்மையே திட்டுவோம்.

சைட் பிடிப்பது

10 மீட்டரில் தொடங்குங்கள். அதைவிடக் கிட்டே போனால், அம்பு கண்ணுக்குக் கீழே இருந்து புறப்படுவதால் கணக்கு கொஞ்சம் வேடிக்கையாக இருக்கும். 5 மீட்டருக்குச் சைட்டை 10 மீட்டருக்கு வைத்ததைவிடக் கீழே இறக்க வேண்டி வரலாம். பெரிய இலக்குத் தாளாகப் போடுங்கள். 122 செ.மீ. தாள் கிடைத்தால் நல்லது, அம்பு தொலையாது.

ஆறு அம்பு விடுங்கள். ஆறுக்கும் புள்ளி தாளின் நடுவிலேயே இருக்கட்டும். அம்பு எங்கே போனாலும் குறியை மாற்றக் கூடாது, சைட்டையும் தொடக் கூடாது. விட்ட நொடியிலேயே 'அய்யோ, நழுவிருச்சு' என்று தெரிந்த அம்பைக் கணக்கில் சேர்க்காதீர்கள். மறுபடி ஆறு. இந்தப் பன்னிரண்டும் ஓரளவாவது ஓரிடத்தில் கூடியிருக்கின்றனவா? கூடவில்லை என்றால் இன்றைக்குச் சைட் வேலை இல்லை, ஆங்கரைச் சரிசெய்கிற வேலைதான். கூடியிருந்தால், அந்தக் கூட்டத்தின் நடு எங்கே என்று பாருங்கள். ஒற்றை அம்பைப் பார்த்துத் திருகவே கூடாது.

திசை விஷயத்தில் எல்லோருக்கும் குழப்பம் வரும். சூத்திரம் இது: அம்பைத் துரத்து. அம்பு மேலே போனால் சைட்டை மேலே ஏற்று. இடப்பக்கம் போனால் இடப்பக்கம் தள்ளு. தலைகீழாக இருக்கிறதே என்று தோன்றும். யோசித்துப் பாருங்கள்: புள்ளியை மேலே ஏற்றிவிட்டால், அதை மறுபடி தாளின் நடுவுக்குக் கொண்டுவர வில்லைப் பிடித்த கையைத் தாழ்த்தியாக வேண்டும். கை தாழ்ந்தால் அம்பும் தாழும். இடது கை, வலது கை என்று யார் எய்தாலும் இதே விதிதான்.

எவ்வளவு நகர்த்துவது? இங்கேதான் கொஞ்சம் கணக்கு வருகிறது, பயப்பட வேண்டாம். முழுக்க இழுத்த நிலையில் உங்கள் கண்ணுக்கும் புள்ளிக்கும் உள்ள தூரத்தை ஒருவரை விட்டு டேப்பால் அளக்கச் சொல்லுங்கள். உத்தேசமாக 90 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். 18 மீட்டர் என்பது அதைப் போல 20 மடங்கு. ஆகவே சைட்டில் 1 மி.மீ. நகர்த்தினால் இலக்கில் 20 மி.மீ., அதாவது 2 செ.மீ. நகரும். 30 மீட்டரில் அதே 1 மி.மீ. சுமார் 3.3 செ.மீ. ஆகும், 50 மீட்டரில் 5.6, 70 மீட்டரில் 7.8. ஒலிம்பிக் தூரமான 70 மீட்டரில் 122 செ.மீ. தாளில் ஒரு வளையத்தின் அகலமே 6.1 செ.மீ. தான். ஒரு மில்லிமீட்டர் கை தவறினால் ஒரு வளையத்துக்கு மேல் போய்விட்டது!

உதாரணத்துக்கு, 18 மீட்டரில் உங்கள் அம்புக் கூட்டம் நடுவிலிருந்து 6 செ.மீ. மேலே, 4 செ.மீ. இடப்பக்கம் நிற்கிறது. சைட்டை 3 மி.மீ. மேலே, 2 மி.மீ. இடப்பக்கம். அவ்வளவுதான். நல்ல சைட்டில் திருகும்போது 'டிக் டிக்' என்று சத்தம் வரும். பத்து டிக் திருகி எத்தனை மி.மீ. நகர்ந்தது என்று ஒருமுறை அளந்து வைத்துக்கொண்டால், பிறகு ஸ்கேல் தேட வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை. திருகுவதற்கு முன் பூட்டுத் திருகைத் தளர்த்த வேண்டும், நகர்த்திய பிறகு இறுக்க வேண்டும். தளர்த்தாமல் பலமாகத் திருகினால் மரை தேய்ந்துபோகும்.

தூரம் கூடும்போது

10-இல் கூட்டம் நடுவுக்கு வந்த பிறகு 15, 18, 20, 25, 30 என்று கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் போங்கள். 10-இலிருந்து ஒரேயடியாக 30-க்குத் தாவினால் அம்பு இலக்குக்கு முன்னாலேயே மண்ணில் குத்தும். தூரம் கூடக் கூட சைட் கீழே இறங்கும். வில் தூக்கிப் பிடிக்கப்படும். இறக்கம் சீராக இருக்காது. 20-க்கும் 30-க்கும் நடுவே உள்ள இடைவெளியைவிட 40-க்கும் 50-க்கும் நடுவே உள்ளது பெரிதாக இருக்கும். அம்பு வேகம் இழந்துகொண்டே போவதும் இதற்கு ஒரு காரணம்.

கிடைத்த அளவுகளைக் கிராஃப் தாளில் புள்ளி வைத்துப் பாருங்கள். வழவழப்பான ஒரு வளைகோடு வர வேண்டும். ஒரு புள்ளி மட்டும் கோட்டை விட்டுத் தள்ளி நின்றால், அன்றைக்கு நீங்கள் களைத்திருந்தீர்கள் அல்லது காற்று அடித்தது. அந்தத் தூரத்தை மட்டும் திரும்ப எடுங்கள்.

குறைந்த பலமுள்ள வில் வைத்திருக்கிற பிள்ளைகளுக்கு 50, 70 மீட்டரில் ஒரு சிக்கல் வரும். சைட் இறங்கி இறங்கி அம்பின் பாதைக்கே வந்துவிடும்; அம்பின் இறகு சைட்டில் உரசும். அப்போது முன்னால் நீண்டிருக்கும் கையைக் கொஞ்சம் உள்ளே தள்ளுங்கள். புள்ளி கண்ணுக்குக் கிட்டே வருவதால் அதே கோணத்துக்குக் குறைந்த இறக்கம் போதும். எல்லா அளவும் மாறிப்போகும் என்பது இதற்கு விலை. அதுவும் போதவில்லை என்றால் வில்லின் பலம் இன்னும் அந்தத் தூரத்துக்கு வரவில்லை. ஆறு மாதம் பொறுக்கலாம்.

காம்பவுண்ட்காரர்களுக்கு

பீப்பின் உயரத்தைக் கண்ணைக் கொண்டு முடிவு செய்யக் கூடாது, கழுத்தைக் கொண்டு முடிவு செய்ய வேண்டும். இலக்கைப் பார்த்து நின்று, அம்பு கோத்த நிலையில், கண்ணை மூடிக்கொண்டு இழுத்து, தாடையில் வசதியாக நிறுத்தி, பிறகு கண்ணைத் திறங்கள். பீப் நேராகக் கண் முன்னால் இருக்க வேண்டும். தலையைக் குனிந்தோ நிமிர்ந்தோ தேட வேண்டியிருந்தால், நாணில் பீப்பை ஏற்றியோ இறக்கியோ நூலால் கட்டவேண்டும். பயிற்சியாளர் பக்கத்தில் இருக்கும்போது செய்யுங்கள். அம்பில்லாமல் நாணை இழுத்து விடுவது எந்த வில்லுக்கும் ஆபத்து; காம்பவுண்டுக்கு அது எமன்.

பீப்பின் வட்டத்துக்குள் ஸ்கோப்பின் வெளி வட்டம் கச்சிதமாக உட்கார வேண்டும், வளையத்துக்குள் வளையம் போல. பீப் துளை மிகப் பெரிதாக இருந்தால் ஸ்கோப் உள்ளே அலையும். மிகச் சிறிதாக இருந்தால் மாலை வெளிச்சத்தில் ஒன்றும் தெரியாது. லென்ஸ் வாங்கும்போது பெருக்கம் குறைந்ததே போதும். பெருக்கம் கூடினால் இலக்கு பெரிதாகும், கூடவே உங்கள் நடுக்கமும் பெரிதாகும். அதைப் பார்த்துப் பயந்து அவசரப்பட்டு விடுகிறவர்கள்தான் அதிகம்.

அடுத்தது ரசமட்டம். அது வில்லுக்குச் செங்குத்தாக இருக்கிறதா என்று பார்க்க எந்த விசேஷக் கருவியும் வேண்டாம். கொத்தனாரிடம் தூக்குக்குண்டு இரவல் வாங்குங்கள். நூலைக் கட்டித் தொங்கவிட்டு, ஆட்டம் நின்ற பிறகு, சைட் சட்டம் அந்த நூலுக்கு இணையாக நிற்கிற மாதிரி வில்லைக் கவ்வியில் பிடித்து நிறுத்துங்கள். குமிழி நடுவில் நிற்க வேண்டும். நிற்கவில்லை என்றால் ஸ்கோப்பின் இருசுத் திருகைத் தளர்த்திச் சரிசெய்யுங்கள். ரசமட்டத்தை இப்படி நேராக்குவதை இரண்டாம் அச்சு என்பார்கள். மூன்றாவது அச்சு, ஸ்கோப் ஒரு கதவு மாதிரி உள்ளேயும் வெளியேயும் திரும்புவது. வில்லை மேலே தூக்கியும் கீழே தாழ்த்தியும் அதே நூலில் பார்த்தால் குமிழி ஓடக் கூடாது. மேட்டிலும் பள்ளத்திலும் எய்கிற களப் போட்டிக்காரர்களுக்கு அது உயிர்நாடி. காரைக்குடிச் சமதரையில் பழகுகிறவர்கள் பெரிதாக அலட்டிக்கொள்ள வேண்டாம்.

நான் வாசலில் நூல் கட்டித் தொங்கவிட்டு வில்லோடு மல்லாடிக்கொண்டிருந்தபோது எதிர் வீட்டு ஆச்சி கேட்டார்: "என்ன தம்பி, இன்னொரு கட்டு எழுப்பப் போறியளா?" இல்லை ஆச்சி, இருக்கிற கட்டைத்தான் நிமிர்த்துகிறேன் என்றேன்.

இதையெல்லாம் செய்த பிறகும் வில்லைச் சாய்த்துப் பிடித்தால் எந்தப் பக்கம் சாய்க்கிறோமோ அந்தப் பக்கம் அம்பு விலகும், கொஞ்சம் தாழவும் செய்யும். காம்பவுண்ட்காரர் குமிழியைப் பார்த்துத் திருத்திக்கொள்வார். ரிகர்வ்காரருக்கு அந்த வசதி இல்லை. கண்ணுக்கு முன்னால் மங்கலாகத் தெரிகிற நாண்தான் அவருக்குத் துணை. அந்த மங்கல் கோடு சைட் வளையத்தின் ஓரத்தை ஒட்டி நிற்கட்டும் அல்லது ரிசரின் உள் ஓரத்தில் நிற்கட்டும். தினமும் அதே இடத்தில் நிற்க வேண்டும். அது அலைந்தால் அம்புகள் இடமும் வலமுமாகச் சிதறும். அந்தச் சிதறலுக்கு விண்டேஜில் மருந்து இல்லை.

வெயிலும் காற்றும்

வடக்குப் பார்த்து எய்கிற மாதிரி இலக்கை வையுங்கள், காலையிலும் மாலையிலும் வெயில் கண்ணில் அடிக்காது. பக்கவாட்டு வெயில் புள்ளியின் ஒரு பாதியை மட்டும் மினுக்கினால், அந்த மினுக்கத்தையே நடு என்று கண் எடுத்துக்கொள்ளும். சைட் வளையத்தின் உள்ளே கறுப்பு மை பூசினால் பாதிப் பிரச்சினை தீரும்.

ஆடிக்காற்றில் சைட் பிடிக்காதீர்கள். இங்கே மேற்கிலிருந்து வீசுகிற காற்று, வடக்குப் பார்த்து எய்கிற அம்பை அப்படியே குறுக்கே தள்ளும். காற்றுக்காக விண்டேஜைத் திருகிவிட்டால், காற்று நின்றதும் கணக்கு கெட்டது. அன்றைக்கு நடுவை விட்டுக் காற்று வருகிற பக்கமாகக் கொஞ்சம் தள்ளிக் குறி வைத்துப் பழகுங்கள். அளவு எடுக்கிற வேலையைக் காற்று எழாத விடிகாலைக்கு வையுங்கள்.

நோட்டும் நெயில் பாலிஷும்

அம்பு ஒவ்வொரு முறை புறப்படும்போதும் வில் அதிரும். அதிர அதிரத் திருகுகள் தளரும். பைக்கில் வில்லை முதுகில் மாட்டிக்கொண்டு போனாலும் அப்படித்தான். ஒரு போட்டிக்கு முன்னால் இரண்டு நாள் என் அம்புகள் மேலே மேலே போய்க்கொண்டிருந்தன. ஆங்கரைக் குறை சொன்னேன், புது நாணைக் குறை சொன்னேன். சைட்டை ரிசரோடு பிடிக்கிற திருகு அரைச் சுற்றுத் தளர்ந்திருந்தது. அதற்குப் பிறகு, எல்லாவற்றையும் இறுக்கி முடித்ததும் திருகின் தலையிலிருந்து சட்டம் வரைக்கும் நெயில் பாலிஷால் ஒரு கோடு இழுத்துவிடுகிறேன். கோடு உடைந்திருந்தால் திருகு நகர்ந்திருக்கிறது. வீட்டில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், கேட்காமல் எடுத்தால் அது வேறு பஞ்சாயத்து.

நோட்டில் தூரத்துக்கு நேராக எலிவேஷன், விண்டேஜ் அளவுகளை எழுதுங்கள். பக்கத்தில் தேதி, என்ன அம்பு, சைட்டின் முன்கை எந்தத் துளையில் நிற்கிறது, வில்லின் பலம், நாணுக்கும் பிடிக்கும் உள்ள இடைவெளி ஆகியவற்றையும் எழுதுங்கள். இதில் எது மாறினாலும் பழைய அளவு செல்லாது. பலம் கூடினால் சைட் மேலே ஏறும், கனமான அம்பு வாங்கினால் கீழே இறங்கும். பழைய பக்கத்தை அடித்துவிடாமல் புதுப் பக்கம் தொடங்குங்கள். நாண் அறுந்து பழைய நாணையே மாட்ட வேண்டி வரும் நாள் ஒன்று வரும். நோட்டை நனைய விடாதீர்கள், பென்சிலால் எழுதுங்கள். அதே அளவுகளை ஒரு துண்டு ஸ்டிக்கரில் எழுதி லிம்பின் உட்பக்கம் ஒட்டிக்கொள்வதும் நல்லது. ஐப்பசி மழையில் நோட்டை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போன ஒரு காலையில் எனக்கு அது கை கொடுத்தது.